கல்யாணப் படத்துக்குப் பின்னால் இருந்த மூன்று படங்கள்

என் அம்மா லூர்து மேரிக்கு,

நீ போய் ஒரு வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது. நான் மறுபடி புதுச்சேரிக்கு வந்துவிட்டேன்மா. அதே ஆஸ்பத்திரி, அதே ரத்தப் பரிசோதனைக் கூடம், பின்பக்கம் அதே ஹாஸ்டல். இந்த வாரம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி, அதனால் ஊருக்கு வரவில்லை. மத்தியானம் வேலை முடித்து, சாப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கல்லறைக்கு வந்தே சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே எப்போதும் யாராவது கூட நிற்கிறார்கள். முதலாண்டு நினைவுக்கு அண்ணன் ஊரெல்லாம் ஒட்டிய போஸ்டரில் உன்னைத் தியாகச் சுடர் என்று போட்டிருந்தது. என்ன தியாகம், யாருக்காக, நீயாகச் செய்ததா என்று அதில் இல்லை. அதை நான் எழுதுகிறேன். யார் படித்தாலும் படிக்கட்டும்.

நீ போன அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியாது. காலை பத்து மணி இருக்கும். அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணினார். "அம்மாவுக்கு சீரியஸ். கேள்வி கேக்காம உடனே கிளம்பு." கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறினேன். விருத்தாசலத்தில் இறங்கி ஆட்டோவில் நம் தெருவுக்குள் திரும்பியபோது வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். அப்பாவுக்கு நீ வைத்த கஞ்சி அடுப்பிலேயே இருந்தது. "கஞ்சி ஆறுறதுக்குள்ள போயிட்டாங்க ஜெசி" என்று பக்கத்து வீட்டு செல்லம்மாக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அப்பா கட்டிலில் கிடந்தார். பக்கவாதத்தில் அவருக்கு வலது பக்கம் விழுந்து, பேச்சும் ஒரு சொல் இரு சொல்லாகக் குறைந்து, அந்த மூன்று வருஷமும் நீதானே தூக்கி உட்கார வைத்தாய், துடைத்தாய், ஊட்டினாய். இனி யார்? முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரே ஒரு மாசம் இரு ஜெசி. உனக்கென்ன, புள்ளையா குட்டியா? அதுக்குள்ள நான் ஏதாவது ஏற்பாடு பண்றேன்."

நாற்பத்து மூன்று வயதில் கல்யாணம் ஆகாமல் இருக்கிறவள் சும்மா இருக்கிறவள் என்று நம் வீட்டில் ஒரு எண்ணம். என் வேலை ஒரு வேலையே இல்லை என்பது போல. நானும் சரி என்று சொன்னேன். அந்த ஒரு மாதம் ஒரு வருஷமானது.

அப்பா இடது கையில் எவர்சில்வர் டம்ளரை வைத்துக்கொண்டு கட்டில் கம்பியில் தட்டுவார். தண்ணீருக்கா, திரும்பிப் படுக்கவா, துணி நனைந்துவிட்டதா, போய்ப் பார்த்தால்தான் தெரியும். சில சமயம் ஒன்றுமே இருக்காது. நான் வீட்டில் இருக்கிறேனா என்று பார்க்கத் தட்டியிருப்பார். பாதிக் குளியலில் ஈரத்தோடு ஓடி வந்திருக்கிறேன். கடைத்தெருவில் தக்காளி பொறுக்கும்போதுகூட காதுக்குள் அந்தச் சத்தம் கேட்கும், பையை மூடாமலே வீட்டுக்கு ஓடுவேன். நீ எப்படிம்மா இருந்தாய்? ஒரு நாள்கூட அவரிடம் நீ குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியை நடத்தும் சிஸ்டரம்மா மூன்று தடவை லீவை நீட்டிக் கொடுத்தார்கள். நாலாவது தடவை போன் பண்ணி, "ஜெசிந்தா, வர்ற மாசம் முதல் தேதி நீ வரலன்னா நான் வேற ஆளப் போடணும்மா. என் கையில இனிமே ஒண்ணும் இல்ல" என்றார்கள். அண்ணனிடம் சொன்னேன். "ஏற்பாடு பண்றேன்னு சொன்னேன்ல" என்றார். எந்த ஏற்பாடும் நடக்கவில்லை. கேட்டால், "வேலைக்காரன் கையில அப்பாவ விட்டா ஊரு என்ன பேசும்?" என்பார். ஊர் அண்ணனைப் பேசிவிடக் கூடாது என்பதற்காக நான் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தேன்.

அப்போதுதான் முதலாண்டு பூசை வந்தது. போஸ்டருக்கு உன் போட்டோ வேண்டும் என்றார் அண்ணன். நானும் பீரோவைப் புரட்டினேன். எல்லாப் படத்திலும் நீ ஓரத்தில் இருந்தாய். சின்ன வயசில் அண்ணன் கோயிலில் புதுநன்மை எடுத்த படத்தில் உன் பாதி முகம். என் பட்டமளிப்புப் படத்தில் உன் கை மட்டும். முழு முகம் தெரிகிற படம் ஒன்றே ஒன்றுதான், நடு அறைச் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படம். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைவீதி ஸ்டூடியோவுக்குப் போனேன்.

ஸ்டூடியோக்காரர் சட்டத்தைக் குப்புறப் போட்டுப் பின்னட்டையைப் பார்த்தார். "யக்கா, இத நடுவுல யாரோ தொறந்து மூடியிருக்காங்க. பழைய ஆணியெல்லாம் புடுங்கிட்டு குண்டூசிய வளைச்சு வளைச்சுச் சொருவி வச்சிருக்காங்க பாருங்க" என்றார். அட்டையை எடுத்ததும் கல்யாணப் படத்தோடு ஒட்டிக்கொண்டு மூன்று சின்னப் படங்கள் வந்தன. கறுப்பு வெள்ளை. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது.

முதல் படத்தில் நம் ஊர்ப் பீங்கான் கம்பெனியின் சூளைக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நிற்கிறார்கள். எல்லோருக்கும் முழங்கை வரைக்கும் வெள்ளை மாவு. நடுவில் நீ, பத்தொன்பது வயசு இருக்குமா? வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். உனக்குக் கடைவாயில் ஒரு தெற்றுப்பல் இருந்தது என்பதே அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். நாற்பத்து மூன்று வருஷம் உன்னோடு இருந்தும் அந்தப் பல் தெரிகிற மாதிரி நீ சிரித்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது படம் ஸ்டூடியோவில் எடுத்தது. நீயும் இன்னொரு பெண்ணும் ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். மூன்றாவது ஜங்ஷன் பிளாட்பாரத்தில் எடுத்தது. நாலு பெண்கள், நாலு தகரப் பெட்டி. பின்பக்கம் உன் கையெழுத்து: "பெங்களூர் போகும் நாள். கஸ்தூரிக்கு ஒன்று, எனக்கு ஒன்று."

பெங்களூரா? நீ சிதம்பரத்தைத் தாண்டியதில்லை என்றல்லவா எங்களிடம் சொல்லியிருந்தாய்?

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அந்தப் பிளாட்பாரப் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாயைத் திறக்கவில்லை. மூடிய உதட்டில் ஸ்பூன் இடித்துக் கஞ்சி கழுத்தில் வழிந்தது.

செல்லம்மாக்காவின் வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் அதே கம்பெனியில் சூளை அடுக்கியவர். அவரிடம் கேட்டேன். "கஸ்தூரியா? பெங்களூர் போயி ட்ரெயினிங் முடிச்சிட்டு வந்து, இங்க பொண்ணுங்களுக்கெல்லாம் வேல சொல்லிக் குடுத்தாங்களே, அவங்கதான். சூப்பர்வைசரா ரிட்டயர் ஆனாங்க. இப்ப சேத்தியாத்தோப்புல மவ வூட்ல இருக்காங்க" என்றார். செல்லம்மாக்கா ஒரு நாள் மூன்று மணி வரைக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன். ஒரு வருஷத்தில் நான் ஊரைத் தாண்டியது அன்றைக்குத்தான்.

கஸ்தூரியம்மா முட்டிவலியோடு நடந்து வந்து கதவைத் திறந்தார். நான் பெயர் சொல்வதற்கு முன்னாலேயே, "லூர்து பொண்ணா நீ? அதே நெத்தி" என்று என் கன்னத்தைத் தொட்டார். நீ போய்விட்டதைச் சொன்னேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் காப்பி போட்டுக் கொடுத்து, தானாகவே பேச ஆரம்பித்தார்.

"உங்கம்மா காது இருக்குதே, அந்த மாதிரி காதே நான் பார்த்ததில்லம்மா. சூளையிலேருந்து பியூஸ் கட்டை எடுத்தா ஒவ்வொண்ணா நகத்தால சுண்டிப் பாக்கணும். கணீர்னு கேட்டா நல்லது. மந்தமா கேட்டா உள்ள விரிசல் இருக்குது. நாங்கள்ளாம் ரெண்டு மூணு தடவ சுண்டுவோம். அவ ஒரு தடவதான். பேசிக்கிட்டே, சிரிச்சிக்கிட்டே சுண்டித் தள்ளிட்டுப் போவா. ஒண்ணு தப்பாது."

சந்தையில் கப்பு, சாஸர் வாங்கும்போது ஒவ்வொன்றையும் நீ சுண்டிப் பார்ப்பாய். கடைக்காரன் முறைப்பான். "வாம்மா போவலாம்" என்று வெட்கத்தில் உன் புடவையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். ஏன் ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை?

கம்பெனியிலிருந்து ஒரு வருஷப் பயிற்சிக்கு நாலு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்களாம். முதல் பெயர் உன்னுடையது. தாத்தா முதலில் சரி என்றுதான் சொன்னாராம். சேலம் வண்டி ஏறி, அங்கே மாறி, மறுநாள் பெங்களூர் போய்ச் சேர்ந்தீர்கள். ஹாஸ்டலில் உனக்கு ஜன்னல் ஓரக் கட்டில். பன்னிரண்டாவது நாள் தந்தி வந்தது. தாயார் கவலைக்கிடம், உடனே வரவும். பின்னாலேயே தாத்தாவும் உன் அத்தை மகனும் வாசலில் வந்து நின்றார்கள். அந்த அத்தை மகன்தான் அப்பா.

"வார்டன் சொன்னாங்கம்மா. போஸ்டாபீஸ்லேருந்து ட்ரங்க் கால் போட்டு விசாரிச்சிட்டுப் போம்மான்னு. இவளும் தயங்குனா. நான்தான் சொன்னேன். பெத்த தாயி சாவக் கெடக்குறா, விசாரிக்க என்ன இருக்குது, கிளம்புடின்னு. நானே பெட்டியக் கட்டிக் குடுத்தேன்." கஸ்தூரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "வூட்டுக்கு வந்து பாத்தா அவங்கம்மா கொல்லையில மீனு கழுவிக்கிட்டு இருக்காங்க. மூணாம் நாளு கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிட்டாங்க."

உன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டு கஸ்தூரியம்மா வந்தாராம். நீ பந்தலில் அவரிடம் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாயாம். "ஹாஸ்டல் கட்டிலுக்கடியில என் புதுச் செருப்பு கெடக்குது கஸ்தூரி. உன் அளவுதான். போட்டுக்கோ."

"போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அது தேயிற வரைக்கும் போட்டேம்மா. என்னை வேற என்ன செய்யச் சொல்ற?"

அதற்குப் பிறகு அவர் உனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் பிரிக்காமலே திரும்பிப் போயிருக்கின்றன. அதே ஊருக்கு வந்து வேலை பார்த்தும் உன்னைப் பார்க்க நம் தெருவுக்குள் வர அவருக்கு முகம் இல்லை. கம்பெனிச் சங்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை நம் வீட்டுக்குள் கேட்கும். முதல் சங்குக்கு நீ உலையில் அரிசி போடுவாய். உள்ளே யார் யார் எந்த இடத்தில் நிற்பார்கள் என்று தெரிந்துகொண்டே, நாற்பத்தைந்து வருஷம் அரிசி போட்டாயாம்மா?

மூன்று மணிக்கு முன்னால் வீடு திரும்பினேன். செல்லம்மாக்கா போன பிறகு அப்பாவைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தேன். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்பா, பெங்களூருக்குத் தந்தி அடிச்சது யாரு?"

டம்ளரை எடுக்கப் போனார். நான் அதை எட்டாத இடத்தில் வைத்தேன். அப்படிச் செய்ததற்கு இன்றைக்கும் என் கை கூசுகிறது.

"யாருப்பா?"

ரொம்ப நேரம் வாய் கோணிக் கோணி இழுத்தது. "நா...ன்."

"எதுக்கு?"

"ப...யம்." கண்ணில் தண்ணீர் கொட்டியது. "வர...மாட்டா."

"அம்மாவுக்குத் தெரியுமா, நீங்கதான்னு?"

தலையை ஆட்டினார். தெரியும்.

தெரிந்துமா? தெரிந்துதான் அந்த மனிதருக்குக் கஞ்சி வைத்தாயா, நகம் வெட்டினாயா, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டாயா? மன்னித்தாயா, இல்லை மன்னிப்பதற்குக்கூட நேரமில்லாமல் வேலை இருந்ததா? நான் கொல்லைப் பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தேன். அவரை இனிமேல் தொடவே கூடாது என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் உள்ளேயிருந்து வாடை வந்தது. எழுந்து போய்த் துடைத்து, துணி மாற்றினேன். வேறு யார் இருக்கிறார்கள்? நான் மாட்டிக்கொண்டிருந்தது எதில் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. கோபத்தில்கூட அந்தக் கட்டிலை விட்டு நகர முடியவில்லை.

போஸ்டருக்குக் கல்யாணப் படத்தையே வெட்டிக் கொடுத்தேன். அந்த மூன்று படத்தையும் யாருக்கும் காட்டவில்லை. பூசை முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு அண்ணனிடம் சொன்னேன். "அண்ணே, முதல் தேதி நான் வேலையில சேரப் போறேன். அப்பாவுக்கு ஆள் பாரு. பாதி மாசம் நீ வந்து இரு. சனி, ஞாயிறு நான் வரேன்."

"வெளையாடுறியா? அப்பாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆனா சேர்ந்து அழுவோம்."

அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணன் கத்தினார். நான் வளர்ந்த விதம், படித்த திமிர், எல்லாம் வந்தது. உன் பெயரையும் இழுத்தார். "அம்மா இருந்தா இப்டிப் போவாங்களா?" என்றார். போனாங்க, போய் ஜன்னல் ஓரத்தில் பன்னிரண்டு நாள் இருந்தாங்க என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அது உன்னுடையது. சண்டைக்கு எடுத்து வீச மனம் வரவில்லை.

அப்பாவிடமும் நானே சொன்னேன். பொய் சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்று இருந்தது. "நான் வேலைக்குப் போவணும்ப்பா." இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. "போ...வாத." ஒன்று, இரண்டு என்று நான் அவர் விரல்களைப் பிரித்தெடுத்தேன். ஐந்தாவது விரலைப் பிரித்ததும் அவர் கை போர்வைமேல் விழுந்தது. அதைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் நெய்வேலி வரைக்கும் என் மணிக்கட்டில் சிவப்பு இருந்தது.

இப்போது பகலும் இரவும் ஒரு ஆள் இருக்கிறார். வயசானவர், பெயர் குமார், பொறுமையானவர். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே மாதத்தில் பாதி நாள் வருகிறார். நான் சனிக்கிழமை சாயங்காலம் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறேன். அப்பா முதல் இரண்டு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் நான் ஊட்டியதைச் சாப்பிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லவேண்டும். காலையில் வரிசையில் இருபது பேர் ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தார்கள். போன் அடித்தது. அண்ணன்.

"அப்பாவுக்கு சீரியஸ். கேள்வி கேக்காம உடனே கிளம்பு."

உன்னைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தைகள். கையுறையைக் கழற்ற ஆரம்பித்தேன். பாதி கழற்றும்போதே கஸ்தூரியம்மா சொன்ன வார்டன் ஞாபகம் வந்தது.

"வீடியோவுல காட்டுண்ணே."

"என்ன நம்பலியா நீ? சாவக் கெடக்குறவர வீடியோ எடுக்கச் சொல்றியா?" போனை வைத்துவிட்டார்.

குமாருக்கு நானே வீடியோ போட்டேன். எடுத்தார். பின்னால் ஜன்னல் வெளிச்சத்தில் அப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடையில் சட்னி. "இட்லி சாப்புடுறாரும்மா. நைட்டு கொஞ்சம் இருமுனாரு. இப்ப நல்லா இருக்காரு. சாரு வெளிய நின்னு போன் பேசுறாரு" என்றார் குமார்.

"அப்பா, உங்களுக்கு சீரியஸ்னு அண்ணன் சொல்லுது."

அப்பா திரையை உற்றுப் பார்த்தார். வாய் கோணியது, இழுத்தது.

"பொ...ய்."

சொல்லிவிட்டு அடுத்த துண்டு இட்லிக்கு வாயைத் திறந்தார்.

எதைச் சொன்னார்ம்மா? அண்ணன் சொன்னதையா? தான் அடித்த தந்தியையா? இரண்டும் இல்லாமல், பசியில் இருக்கிற ஒரு கிழவர் வாயில் வந்ததைச் சொன்னாரா? எனக்குத் தெரியவில்லை. நான் சுவரில் சாய்ந்து நின்றேன். வரிசையில் முதலாவதாக இருந்த அம்மா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "எனக்கு மொத பஸ்ஸ வுட்டா அடுத்தது மத்தியானந்தாம்மா" என்றார். புதுக் கையுறை போட்டுக்கொண்டு அவருக்கு ஊசி குத்தினேன். நரம்பு கிடைக்க இரண்டு தடவை ஆனது.

அண்ணன் அதற்கப்புறம் பேசவில்லை. அவர்மேல் எனக்கு முழுக் கோபமும் இல்லை. அவருக்கும் அப்பாவுக்கு வந்த பயம்தான் வந்திருக்கும். அதற்காக நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. போன் மணி அடித்தால் மூச்சு நின்றுவிடுகிறது. இரவு படுத்தால் இல்லாத டம்ளர் தட்டுகிறது. ஒரு நாள் அந்த அழைப்பு உண்மையாகவே வரும், அன்றைக்கும் நான் விசாரித்துக்கொண்டு நிற்பேன், அந்த ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருக்கும். அப்போது ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். நான் எனக்கு என்ன சொல்லிக்கொள்வேன் என்பதுதான் தெரியவில்லை.

ஆனாலும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எந்த அழைப்பு வந்தாலும் கேட்ட பிறகுதான் கிளம்புவேன். உண்மை என்றால் எந்த வேலையையும் போட்டுவிட்டு ஓடி வருவேன், அவர் வாயில் கடைசித் தண்ணீரை நான்தான் விடுவேன். பொய் என்றால் நிற்கிற இடத்திலேயே நிற்பேன். கேட்டதால் தாமதமாகி, அவர் எனக்கு முந்திப் போய்விட்டால், அங்கே அவரிடம் நீ சொல்லிவிடு. அவள் வராமல் இருக்கவில்லை, விசாரித்துவிட்டு வந்தாள் என்று சொல். அவருக்குப் புரியும்.

இப்படிக்கு,
பெங்களூர் வரைக்கும் போன லூர்து மேரியின் மகள்,
ஜெசிந்தா